கிலோமீட்டருக்கு எவ்வளவு? பெட்ரோல் விலை ஏறும்போது கார் செலவுக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை, பதினாறு நாளில் பதினான்கு முறை பெட்ரோல் விலை ஏறியது. மொத்தமாக லிட்டருக்கு 10 ரூபாய். அதற்கு முன் நாலரை மாதம் விலை அசையாமல் நின்றிருந்ததால் அந்த அடி பலமாகவே விழுந்தது. சென்னையில் லிட்டர் 110 ரூபாய் 85 காசைத் தொட்டது. எங்கள் மதுரையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த ஏப்ரலில்தான் காரின் டேஷ்போர்டுக்குள் ஒரு நோட்டும் பேனாவும் வைத்தேன். அன்றிலிருந்து நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

என்னுடையது 1,200 சிசி பெட்ரோல் கார். மாதம் சராசரியாக 800 கிலோமீட்டர் ஓடுகிறது. கீழே வரும் தொகைகள் அந்த வண்டியின் கணக்கு. எளிமைக்காக லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

விலை ஏறினாலும் பெட்ரோல் போடாமல் இருக்க முடியாது. எழுதி வைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். அந்த 2022 ஏப்ரலில் மாத பெட்ரோல் செலவு 5,050 ரூபாயிலிருந்து 6,550க்குப் போனது. 1,500 ரூபாய் கூடுதல். விலைவாசியைத் திட்டிவிட்டு நானும் சும்மா இருந்திருப்பேன். நோட்டில் எழுதத் தொடங்கியதால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 800 கிலோமீட்டருக்கு முன்பெல்லாம் 50 லிட்டர் போதும். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் கூடுதலாக ஆக வேண்டியது 500 ரூபாய்தான். மீதி ஆயிரம் எங்கே போனது?

ஓடிய தூரம் அதே 800. ஆனால் போட்ட பெட்ரோல் 59 லிட்டர். அதாவது மைலேஜ் 16லிருந்து பதின்மூன்றரைக்கு இறங்கியிருந்தது. திண்டுக்கல் போய்த் திரும்பிய ஒரு நாள், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நாலு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டு போய்ப் பார்த்தேன். மூன்று சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது. பின்பக்க இடது சக்கரத்தின் அருகே கையை வைக்க முடியவில்லை. லேசாகக் கருகிய வாடையும் வந்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகிப் போய், பிரேக்கை எடுத்த பிறகும் அந்த ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மெக்கானிக் கேபிளை மாற்றி, பிரேக் ஷூவைச் சுத்தம் செய்து கொடுத்தார். அடுத்த இரண்டு டேங்கில் மைலேஜ் மறுபடி 16க்கு வந்துவிட்டது.

விலையேற்றம் என்னிடமிருந்து எடுத்தது 500. கவனிக்காமல் விட்ட பழுது எடுத்தது ஆயிரம். பங்க் பில்லில் இரண்டும் ஒரே தொகையாகத்தான் தெரியும். பிரித்துப் பார்க்க வேண்டுமானால் எழுதியே ஆக வேண்டும்.

என்னவெல்லாம் எழுத வேண்டும்?

தேதி, ஓடோமீட்டர் எண், எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய். இந்த நாலும் கட்டாயம். ஐந்தாவதாக ஒரு சிறு குறிப்பு: 'ஊருக்குப் போனது, ஐந்து பேர், முழுக்க ஏசி' அல்லது 'டயரில் காற்று பிடித்தது'. ஆறு மாதம் கழித்து ஒரு எண் ஏன் தாழ்ந்திருக்கிறது என்று தேடும்போது இந்த அரை வரிதான் கைகொடுக்கும்.

பில்லைச் சேர்த்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பங்க்கில் தருவது வெப்பத்தில் அச்சாகும் தாள். வெயிலில் நிற்கும் காருக்குள் சில வாரத்திலேயே வெளுத்துவிடும். ஓடோமீட்டர் எண் அதில் இருக்கவும் இருக்காது.

நோட்டா, எக்செல்லா, மொபைல் ஆப்பா என்றும் கேட்கிறார்கள். எது உங்கள் கைக்குப் பழக்கமோ அது. நான் நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் எக்செல்லில் ஏற்றுகிறேன்.

மைலேஜைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

ஃபுல் டேங்க் போட்டு, ஃபுல் டேங்க் வரை கணக்கிடுவதுதான் நம்பகமான வழி. ஒரு முறை டேங்க்கை நிரப்புங்கள். பம்ப் தானாக நின்றதும் அதோடு விட்டுவிடுங்கள். 'ரவுண்டா போட்டுடட்டுமா சார்' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கழுத்து வரை நிரப்பினால் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் அமைப்புக்குள் திரவமாகவே பெட்ரோல் போய் அதைக் கெடுத்துவிடும். உங்கள் கணக்கும் பிசகும். ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மறுபடி ஃபுல், மறுபடி ஆட்டோ கட்.

என் நோட்டிலிருந்து ஒரு வரி: முந்தைய எண் 48,210. இப்போது 48,722. ஓடியது 512 கிலோமீட்டர். பிடித்தது 33.4 லிட்டர். 512ஐ 33.4ஆல் வகுத்தால் 15.3. அதுதான் அந்த டேங்க்கின் மைலேஜ்.

ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். வண்டி நிற்கும் தரை சாய்ந்திருந்தாலோ, வேறு பம்ப்பில் ஆட்டோ கட் சற்று முன்னதாக விழுந்தாலோ ஒன்றிரண்டு லிட்டர் வித்தியாசம் வரும். மூன்று டேங்க்கின் கிலோமீட்டரையும் கூட்டி, மூன்றின் லிட்டரையும் கூட்டி வகுத்தால் அந்தத் தவறு கரைந்துவிடும். முடிந்தவரை ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில் போடுங்கள்.

நான் ஐநூறு ஐநூறாகத்தான் போடுவேன். எனக்கு இது சரிவருமா?

வரும். எப்படியும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது டேங்க்கை நிரப்புங்கள். இரண்டு ஃபுல்லுக்கும் நடுவில் போட்ட ஐநூறுகளின் லிட்டரையும், கடைசி ஃபுல்லில் பிடித்த லிட்டரையும் கூட்டினால் போதும். ஒன்றை எழுத மறந்தாலும் கணக்கு கெட்டுவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

காரின் திரையிலேயே மைலேஜ் காட்டுகிறதே?

காட்டும். என் வண்டியில் அது உண்மையைவிட ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் கூட்டியே காட்டுகிறது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும். பணக் கணக்குக்கு ஃபுல் டேங்க் முறைதான்.

பெட்ரோல் மட்டும் எழுதினால் போதாதா? மற்றதெல்லாம் எதற்கு?

முழுக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. என் கார் ஆண்டுக்கு 9,600 கிலோமீட்டர் ஓடுகிறது. ஊருக்குள்ளும் வெளியிலும் சேர்த்து மைலேஜ் பதினைந்தரை. 619 லிட்டர், சுமார் 63,200 ரூபாய். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 58 காசு.

இப்போது மற்றவை. இன்சூரன்ஸ் 9,500. சர்வீஸ் 7,500. டயர் நாலும் மாற்ற 20,000 ஆகிறது, 45,000 கிலோமீட்டர் உழைக்கிறது. அப்படியென்றால் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 44 காசு, ஆண்டுக்கு 4,300. பேட்டரி நாலு ஆண்டுக்கு ஒன்று என்று வைத்தால் ஆண்டுக்கு 1,400. டோல் 3,600. வாட்டர் வாஷ், பார்க்கிங், புகைச் சான்று எல்லாம் சேர்த்து 2,400. பிரேக் கேபிள், வைப்பர், ஏசி கேஸ் என்று எதிர்பாராத ரிப்பேருக்கு 6,000. ஆக 34,700. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 61 காசு.

இரண்டும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 10 ரூபாய் 20 காசு வருகிறது. லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் இது கிட்டத்தட்ட 10 ரூபாய் 85 காசாகும். பெட்ரோல் பத்து சதவீதம் ஏறினாலும் காரின் செலவு ஏறுவது ஆறரை சதவீதம்தான். மாதத்துக்கு 500 ரூபாய்க்குச் சற்று மேல். சிறிய தொகை என்று சொல்ல வரவில்லை. ஒரு வீட்டில் அது அரைமாதப் பால் கணக்கு. ஆனால் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் எங்கிருந்து ஈடுகட்டலாம் என்று யோசிக்க முடிகிறது.

டயர், பேட்டரி இரண்டையும் வாங்கிய மாதத்தின் செலவாக எழுதாதீர்கள். அந்த மாதம் பயமுறுத்தும், அடுத்த மூன்று ஆண்டும் செலவே இல்லாதது போல் தெரியும். உழைக்கும் கிலோமீட்டருக்குப் பிரித்து மாதாமாதம் ஒதுக்கி வைப்பதே நல்லது.

காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு குறைவதையும் சேர்க்க வேண்டுமா?

தனிப் பக்கத்தில் எழுதுங்கள். நாலரை லட்சத்துக்கு வாங்கிய பழைய கார் ஐந்து ஆண்டில் இரண்டரை லட்சத்துக்குப் போனால் ஆண்டுக்கு 40,000 ரூபாய். என் ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு 4 ரூபாய்க்கு மேல். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், டோல் எல்லாம் சேர்ந்ததைவிட அதிகம். மாதம் கையிலிருந்து போகாத பணம் என்பதால் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. காரை மாற்றலாமா என்று யோசிக்கும் நாளில் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் இதுதான்.

ஊருக்குக் காரில் போவதா, பஸ்ஸில் போவதா? இந்தக் கணக்கை வைத்து முடிவெடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் 10 ரூபாய் 20 காசைப் பெருக்கக் கூடாது; பலர் தடுக்கி விழும் இடம் இது. இன்சூரன்ஸ், வண்டி வாசலில் நின்றாலும் கட்ட வேண்டியது. பேட்டரி நின்றாலும் தேயும். ஒரு பயணம் போவதால் புதிதாக ஆகும் செலவு பெட்ரோல், டயர் தேய்மானம், சர்வீஸில் ஒரு பங்கு, டோல். அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து திருநெல்வேலி போய்வர சுமார் 320 கிலோமீட்டர். நாலுவழிச் சாலையில் எனக்கு லிட்டருக்கு 18 கிடைக்கும். 17.8 லிட்டர், 1,815 ரூபாய். டயருக்கும் சர்வீஸுக்கும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 காசு வீதம் 385. ஆக 2,200, அதோடு டோல். ஒருவர் மட்டும் போகிறார் என்றால் பஸ்ஸோ ரயிலோதான். நாலு பேர் என்றால் நாலு டிக்கெட்டும் அங்கே இறங்கி ஏறும் ஆட்டோவும் சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள். கூட வயசானவர்கள் இருந்தால் நான் கணக்கே பார்ப்பதில்லை, காரை எடுத்துவிடுவேன்.

காரே வேண்டுமா, விற்றுவிட்டு டாக்ஸியில் போகலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு முழுக் கணக்கும், விலைக் குறைவும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். குறைவாக ஓட்டுபவருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். என் கார் பாதி தூரமே ஓடியிருந்தால் இன்சூரன்ஸ் மட்டும் கிலோமீட்டருக்கு 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயாகியிருக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டது என்கிறார்களே?

குறையும். எத்தனாலில் உள்ள எரிசக்தி, அதே அளவு பெட்ரோலில் இருப்பதைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலக்கும்போது ஒரு லிட்டரின் சக்தி ஆறு ஏழு சதவீதம் குறைகிறது. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று சொல்லியிருந்தது. 20 சதவீதத்துக்கு ஏற்ப டியூன் செய்த கார்களில் இழப்பு 1 முதல் 2 சதவீதம் என்பது அதே அறிக்கையின் மதிப்பீடு.

மைலேஜ் 6 சதவீதம் குறைவதும், லிட்டர் 102 ரூபாயிலிருந்து 108 ரூபாய் 50 காசாக ஏறுவதும் உங்கள் பைக்கு ஒன்றுதான். விலைப் பலகையில் தெரியாத ஏற்றம் இது. கிலோமீட்டர் கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டுமே கண்ணில் படும்.

அதற்காக 15, 20 சதவீத வீழ்ச்சியையும் எத்தனால் தலையில் கட்டிவிடாதீர்கள். அவ்வளவு குறைந்தால் டயர் காற்று, பிரேக், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் என்று வரிசையாகப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு எத்தனை சதவீதக் கலப்பு ஏற்றது என்பது கையேட்டில் இருக்கும். பெட்ரோல் மூடியின் உட்புறமும் பாருங்கள்.

பங்க்கில் அளவு குறைகிறதோ என்று சந்தேகம். நோட்டில் தெரியுமா?

ஒரு பங்க்கில் போட்ட மூன்று டேங்கும் தொடர்ந்து தாழ்ந்து, வேறு பங்க்கில் போட்டதும் மைலேஜ் ஏறினால் சந்தேகப்பட இடமுண்டு. அப்போது ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அரசு முத்திரையிட்ட அந்தக் குவளை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம். கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க அன்றைய அடர்த்தி எண்ணையும், ஃபில்டர் பேப்பர் சோதனையையும் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஒருமுறை கேட்டேன். ஊழியர் முகம் சுளிக்காமல் பிடித்துக் காட்டினார், அளவு சரியாகவே இருந்தது.

500க்குப் பதில் 510க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பதற்கும், அதிகாலையில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்கும் அடிப்படை இல்லை. பெட்ரோல் இருப்பது நிலத்தடித் தொட்டியில். காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் பெரிதாக மாறாது. பம்ப் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா என்று இறங்கி நின்று பார்ப்பதுதான் பயன் தரும்.

டோல் செலவை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது?

ஃபாஸ்டேக் கணக்கின் மாத அறிக்கையை இறக்கி மொத்தத்தை எழுதுங்கள். எடுத்த தொகை ஒவ்வொன்றும் சரியா என்றும் பாருங்கள். வீட்டில் நின்ற வண்டிக்குப் பணம் பிடித்திருந்தால் வங்கியில் புகார் கொடுத்துத் திரும்பப் பெறலாம். தேசிய நெடுஞ்சாலைகளில் தனியார் கார்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்கலாம் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. அந்த விலையில் முழுதாகப் பயன்படுத்தினால் ஒரு முறை கடக்க 15 ரூபாய். மதுரையிலிருந்து கப்பலூர் டோல் சாவடி வழியாக விருதுநகருக்கு அடிக்கடி போய்வருபவருக்குப் பெரிய மிச்சம். டோல் சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு உள்ளூர் மாத பாஸும் உண்டு. மாநில அரசின் சாலைகளில் ஆண்டு பாஸ் செல்லாது.

சின்னக் கீறலுக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் செய்யலாமா?

முதலில் நோ கிளெய்ம் போனஸைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து ஆண்டு தொடர்ந்தால் 50 சதவீதம் வரை சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். ஒரு கிளெய்ம் செய்தால் அது பூஜ்ஜியமாகி, மறுபடி கீழிருந்து ஏற வேண்டும். ரெண்டாயிரம் ரூபாய் டிங்கரிங் வேலைக்கு அதைத் தொலைப்பது நஷ்டம்.

மைலேஜைக் கூட்ட எது நிஜமாகவே உதவுகிறது?

என் நோட்டு காட்டியதில் முதலிடம் வேகத்துக்கு. திருச்சிக்கு ஒரே சாலையில் இரண்டு பயணம். 80, 90இல் போனபோது 18.6 கிடைத்தது. தாமதமாகிவிட்டதென்று 110இல் போனபோது 15.2. வேகம் கூடக் கூடக் காற்று தடுப்பது மடங்கு கணக்கில் ஏறும். பெட்ரோல் அதற்கே போய்விடும். மிச்சமான நேரம் இருபது நிமிடம்கூட இல்லை.

அடுத்து டயர் காற்று. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். காலையில், டயர் சூடேறும் முன் பாருங்கள். பிறகு, குட்டிக் குட்டி ஓட்டங்கள். தெருமுனைக் கடைக்குக் காரை எடுத்தால் என்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும்; அந்தத் தூரத்துக்கு மைலேஜ் பத்தைக்கூடத் தொடாது. நீண்ட சிக்னலில் என்ஜினை அணைப்பதும் உதவும். ஏசியை நான் நிறுத்துவதில்லை. மே மாத மதுரையில் அதை மிச்சம் பிடிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

விலை இப்படியே ஏறினால் சிஎன்ஜிக்கோ மின்சார காருக்கோ மாறிவிடலாமா?

ஒரே ஒரு வகுத்தல்தான். கூடுதலாகக் கொடுக்கப்போகும் தொகையைக் கிலோமீட்டருக்கு மிச்சமாகும் தொகையால் வகுங்கள். 95,000 ரூபாய் கூடுதல், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 50 காசு மிச்சம் என்றால், 38,000 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் போட்ட பணம் திரும்பும். எனக்கு அது நாலு ஆண்டு. தினமும் 80 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஒன்றேகால் ஆண்டு. அதனால், பக்கத்து வீட்டுக்காரருக்கு லாபமான வண்டி உங்களுக்கும் லாபம் என்று இல்லை. நிரப்பும் நிலையமோ சார்ஜ் போடும் வசதியோ நீங்கள் போகும் வழியில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இரண்டு பேர் ஓட்டுகிறோம். ஒருவர் எழுத மறந்துவிடுகிறார். என்ன செய்வது?

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் மனைவிதான் வழி கண்டுபிடித்தார். பங்க்கில் பெட்ரோல் போட்டதும் சாவியைத் திருப்புவதற்கு முன் இரண்டு போட்டோ: பம்ப்பின் திரை ஒன்று, ஓடோமீட்டர் ஒன்று. இரண்டும் எங்கள் இருவருக்கு மட்டுமான வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். தேதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே யாராவது ஒருவர் நோட்டில் ஏற்றிவிடுவோம்.

எத்தனை நாள் எழுதினால் பலன் தெரியும்?

மைலேஜுக்கு மூன்று டேங்க் போதும். முழுச் செலவுக்கு ஓராண்டு, ஏனென்றால் இன்சூரன்ஸும் பெரிய சர்வீஸும் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். இன்றைக்கே தொடங்க முந்தைய தகவல் வேண்டுமென்றால் பழைய சர்வீஸ் பில்களை எடுங்கள். தேதியும் ஓடோமீட்டர் எண்ணும் அச்சாகியிருக்கும். இரண்டு சர்வீஸுக்கு நடுவே ஓடிய தூரம் தெரிந்துவிடும். அதே காலத்தில் பங்க்கில் கார்டிலோ யுபிஐயிலோ கட்டியது வங்கிக் கணக்கில் இருக்கும். நான் 2022இல் பழைய 16 கிலோமீட்டரைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான்.